மருத்துவர் பதில்கள்: முட்டி ஜவ்வு அறுவைச் சிகிச்சையும் மருத்துவரின் பயிற்சியும்

கேள்வி: என் மகளுக்கு வயது 17. மாவட்ட அளவில் கபடி ஆடுபவள். ஆட்டத்தில் முட்டி திருகிக்கொண்டது. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்ததில், முட்டிக்குள் தொடை எலும்பையும் கால் எலும்பையும் பிணைக்கும் ஏ.சி.எல். என்ற ஜவ்வு முழுவதும் கிழிந்திருப்பதாகச் சொன்னார்கள். நாங்கள் சென்ற மூன்று இடங்களில் ஒரு மருத்துவரின் பலகையில் ‘எலும்பு மூட்டு அறுவைச் சிகிச்சை நிபுணர்’ என்றும், இன்னொருவர் பலகையில் ‘ஸ்போர்ட்ஸ் மெடிசின் சர்ஜன்’ என்றும், மூன்றாமவர் பலகையில் ‘எம்.டி. ஸ்போர்ட்ஸ் மெடிசின்’ என்றும் இருந்தது. இவர்களுக்குள் என்ன வேறுபாடு? யாரிடம் அறுவைச் சிகிச்சை செய்துகொள்வது?
— ஒரு தாய், நாமக்கல்

பதில்: மூன்றாவது பலகையை முதலில் பார்த்துவிடுவோம். எம்.டி. ஸ்போர்ட்ஸ் மெடிசின் என்பது எம்.பி.பி.எஸ். முடித்தபின் மூன்றாண்டுகள் படிக்கும் மேற்படிப்பு. காயத்தைக் கண்டறிவது, உடற்பயிற்சியை வகுப்பது, வீரர் எப்போது களத்துக்குத் திரும்பலாம் என்று முடிவு செய்வது ஆகியவை அவர்களுடைய பணி. உங்கள் மகளுக்கு அறுவைக்கு முன்னும் பின்னும் அவர்களுடைய உதவி மிகவும் பயன்படும். ஆனால் கிழிந்த ஜவ்வுக்கு அறுவை செய்வது அவர்களுடைய துறை அன்று.

மற்ற இருவருக்கும் அடிப்படைப் படிப்பு ஒன்றுதான். பயிற்சி மருத்துவர் காலத்தையும் சேர்த்து எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டுகள், அதன்பின் எலும்பு மூட்டு அறுவைக்கான மேற்படிப்பாகிய எம்.எஸ். ஆர்த்தோ அல்லது அதற்கு இணையான டி.என்.பி. மூன்று ஆண்டுகள். இந்த மூன்று ஆண்டுகளில் ஒரு மாணவர் எதை அதிகம் பார்க்கிறார் என்பதை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். நம் பெரிய அரசு மருத்துவமனைகளின் எலும்பு முறிவுப் பிரிவுக்கு இரவும் பகலும் சாலை விபத்தில் அடிபட்டவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். ஆகவே அங்கே படித்து வெளிவருபவர் உடைந்த தொடை எலும்புக்குக் கம்பி வைப்பதிலும் பிளேட் பொருத்துவதிலும் நன்றாகத் தேர்ந்திருப்பார். ஆனால் ஜவ்வு அறுவையில் அவருக்கு எவ்வளவு பழக்கம் கிடைத்தது என்பது அவர் படித்த கல்லூரியையும் அவருக்கு வாய்த்த ஆசிரியரையும் பொறுத்து வெகுவாக மாறுபடும்.

அந்தக் குறையை நிரப்பத்தான் எம்.எஸ்.ஸுக்குப் பின் ஃபெல்லோஷிப் என்ற கூடுதல் பயிற்சி இருக்கிறது; ‘ஸ்போர்ட்ஸ் மெடிசின் சர்ஜன்’ என்ற பலகை பொதுவாக இதைத்தான் உணர்த்த வருகிறது. தேசியத் தேர்வு வாரியம் நடத்தும் எஃப்.என்.பி. இரண்டு ஆண்டுகள் கொண்டது. பல்கலைக்கழகங்களும் பெரிய மருத்துவமனைகளும் ஓராண்டுப் பயிற்சிகளை நடத்துகின்றன. சில வாரங்கள் ஓரிடத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தவருக்கும் ஒரு சான்றிதழ் கிடைக்கிறது. எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு, ஏனென்றால் இவை அனைத்தும் மருத்துவரின் பலகையில் ‘ஃபெல்லோ’ என்ற ஒரே சொல்லாகத்தான் வந்து நிற்கின்றன; அதைப் படிக்கும் நோயாளிக்கு இரண்டு ஆண்டுகளையும் இரண்டு வாரங்களையும் பிரித்தறிய வழியே இல்லை.

இத்தனை கூடுதல் பயிற்சி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். முழுவதும் கிழிந்த ஏ.சி.எல். ஜவ்வைப் பெரும்பாலும் தைத்துச் சேர்ப்பதில்லை. தொடையின் பின்புறத் தசைநாணையோ முட்டிச்சில்லுக்குக் கீழுள்ள தசைநாணின் ஒரு பகுதியையோ எடுத்து, தொடை எலும்பிலும் கால் எலும்பிலும் துளையிட்டு, அவற்றின் வழியே செலுத்திப் புதிய ஜவ்வாகப் பொருத்துகிறார்கள். இதெல்லாம் ஆர்த்ராஸ்கோப்பி முறையில், ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள கேமராக் குழாயை முட்டிக்குள் விட்டு, திரையைப் பார்த்தபடியே நடக்கிறது. கண் ஓரிடத்திலும் கை வேறிடத்திலும் இருக்க, ஒரு கையில் கேமராவும் மறு கையில் கருவியுமாக இரண்டையும் மூட்டுக்குள் ஒரே புள்ளியில் சந்திக்க வைக்கும் அந்தப் பழக்கம் புத்தகத்திலிருந்து வருவதில்லை. பல மாதங்கள் மூத்தவருக்கு கேமரா பிடித்து, பிறகு குருத்தெலும்புக் கிழிசலைச் சீர்செய்து, அதற்கும் பிறகே துளையிடும் கருவியைத் தொட ஒரு நல்ல ஆசிரியர் அனுமதிப்பார். துளை சில மில்லிமீட்டர் தவறான இடத்தில் அமைந்தாலும் முட்டி முழுமையாக மடங்காமலோ நீளாமலோ போகலாம். அல்லது புதிய ஜவ்வு நாளடைவில் தளர்ந்துவிடலாம்.

இந்தக் கலை தொடக்கம் முதலே ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு வந்ததுதான். டோக்கியோவில் மசாகி வாடனாபே என்ற மருத்துவர் 1962இல் ஆர்த்ராஸ்கோப் வழியாகக் கிழிந்த குருத்தெலும்பை அகற்றினார். 1964இல் டோக்கியோ ஒலிம்பிக் நடந்தபோது கனடா அணியின் மருத்துவராக அங்கிருந்த ராபர்ட் ஜாக்சன், வாடனாபேயின் அருகில் நின்று அந்த முறையைக் கற்றுக்கொண்டு டொராண்டோவுக்குத் திரும்பினார். வட அமெரிக்காவில் அது பரவியது அவர் வழியாகத்தான். ஆகையால் ஒரு மருத்துவர் எங்கே படித்தார் என்பதோடு யாரிடம் எவ்வளவு காலம் பயின்றார் என்று கேட்பது மரியாதைக் குறைவான கேள்வி ஆகாது.

உங்கள் கேள்விக்கு இப்போது நேராக வருகிறேன். ஃபெல்லோஷிப் இல்லாத எலும்பு மூட்டு நிபுணர் ஒருவர் பல ஆண்டுகளாக மாதந்தோறும் ஏ.சி.எல். அறுவை செய்துவருகிறார் என்றால், நேற்றுப் பயிற்சி முடித்தவரைக் காட்டிலும் அவரையே நான் தேர்ந்தெடுப்பேன். எலும்பு முறிவே பெரும்பகுதி வேலையாக இருந்து, ஆண்டுக்கு ஓரிரு ஜவ்வு அறுவை மட்டும் செய்பவர் என்றால், எவ்வளவு அனுபவசாலி ஆனாலும் வேண்டாம். எனவே ‘இந்த அறுவையை நீங்களே முதன்மையாக நின்று மாதத்துக்கு எத்தனை செய்கிறீர்கள் ஐயா?’ என்று தயங்காமல் கேளுங்கள். அறுவைக்குப் பின் பிசியோதெரபியை யார், எத்தனை மாதம் கவனிப்பார்கள் என்பதையும் கேளுங்கள். ஒன்பது மாதங்களுக்கு முன் களத்துக்குத் திரும்பும் இளம் வீரர்களுக்குப் புதிய ஜவ்வும் கிழியும் ஆபத்து அதிகம். ‘ஆறே மாதத்தில் ஆட வைக்கிறேன்’ என்று வாக்குறுதி தருபவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். மருத்துவரின் பதிவையும் பதிவு செய்யப்பட்ட பட்டங்களையும் மாநில மருத்துவக் கவுன்சிலில் சரிபார்க்கலாம்.

மூட்டு மடங்கிய நிலையிலேயே சிக்கிக்கொண்டிருந்தால் தவிர, அவசரம் இல்லை. வீக்கம் வடிந்து, கால் முழுமையாக நீண்ட பிறகு செய்வதே நல்லது. அந்தச் சில வாரங்களில் நீங்கள் இருவரிடமாவது கருத்துக் கேட்டுவிடலாம்.

கேள்வி: நான் பிளஸ் டூ படிக்கிறேன், பள்ளிக் கால்பந்து அணியில் ஆடுகிறேன். விளையாட்டு வீரர்களுக்கு அறுவை செய்யும் மருத்துவராக எத்தனை ஆண்டுகள் ஆகும்? ஆட்டத்தை விட்டுவிட வேண்டுமா?
— ஒரு மாணவர், தூத்துக்குடி

பதில்: நீட் தேர்வில் தொடங்கி எம்.பி.பி.எஸ்., எம்.எஸ்., ஃபெல்லோஷிப் என்று கூட்டினால் ஏறத்தாழ பத்து ஆண்டுகள். இடையில் முதுநிலை நீட் தேர்வுக்கும் தயாராக வேண்டியிருக்கும். அமெரிக்காவில் கல்லூரி நான்கு, மருத்துவப் பள்ளி நான்கு, எலும்பு மூட்டுப் பயிற்சி ஐந்து, விளையாட்டு மருத்துவத்துக்கு ஒன்று எனப் பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. அந்நாட்டின் எலும்பு மூட்டு மருத்துவ வாரியம் 2007 முதல் இத்துறைக்குத் தனித் தேர்வும் வைத்திருக்கிறது.

ஆட்டத்தை விடாதீர்கள். பேஸ்பால் வீரர்கள் பலருக்கு அறுவை செய்து புகழ்பெற்ற அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் ஆண்ட்ரூஸ், கல்லூரியில் கோலூன்றித் தாண்டுதல் வீரராக இருந்தவர். ஒரு பருவம் முழுவதும் வெளியே உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்பதை ஆடியவர்தான் நன்கு அறிவார். நோயாளி ‘டாக்டர், அடுத்த மாதம் போட்டி இருக்கிறது’ என்று கெஞ்சும்போது, அவர் மனம் புரிந்தும் ‘இல்லை’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் அந்த அறிவு உங்களுக்கு உதவும். கல்லூரியில் சேர்ந்தபின், அறுவை அரங்கில் நிற்கும் ஆசையோடு பிசியோதெரபி பிரிவிலும் வாரம் ஒரு மாலை போய் உட்காருங்கள். அறுவை முடிந்த முட்டி மறுபடியும் ஓடக் கற்றுக்கொள்வதை அங்கேதான் பார்க்க முடியும்.