அட்டெண்டர் சம்பளம் கார்டில் ஏறுகிறது, அம்மா கட்டிலிலேயே இருக்கிறார்

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது. பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்ததில், நான்கு மாதத்துக்கு முன் இடுப்பு மூட்டின் பந்துப் பகுதியை மாற்றி ஆபரேஷன் செய்தார்கள். அந்த பில்லை இன்ஷூரன்ஸ் கொடுத்துவிட்டது. இப்போது 24 மணி நேர அட்டெண்டருக்கு மாதம் 28,000, பிசியோவுக்கு தினம் 600, ஆஸ்பத்திரிக் கட்டில் வாடகை 4,000. என் சம்பளம் 62,000, அம்மாவின் குடும்ப ஓய்வூதியம் 14,000. அட்டெண்டரை அனுப்பும் ஏஜென்சிக்கு கிரெடிட் கார்டில் கட்டியதில் பாக்கி 1,40,000 ஆகிவிட்டது. மினிமம் மட்டும் கட்டுகிறேன். அம்மா பெயரில் 4 லட்சம் எஃப்.டி. இருக்கிறது, தொட மனமில்லை. துபாயில் இருக்கும் அக்கா, 'ஆளை நிறுத்தாதே, அம்மாவைத் தனியா எழுந்திரிக்க விடாதே' என்கிறார். ஒரு நிறுவனம் 3 மாத பிசியோ 'ரெக்கவரி பேக்கேஜ்' 75,000 ரூபாய்க்கு, வட்டியில்லா இ.எம்.ஐ.யில் தருகிறதாம். சேரலாமா? மனைவிக்குப் பள்ளி வேலை, நான்கு மணிக்கு வீடு திரும்பிவிடுவார்.

– மதுரை வாசகர்

பதில்: பேக்கேஜ் வேண்டாம். மூன்று மாதப் பணத்தை முன்கூட்டி வாங்கிக்கொண்டு வாரத்துக்கு ஓர் ஆளை மாற்றி அனுப்பினால் நீங்கள் என்ன செய்வீர்கள்? இ.எம்.ஐ. ஓடிக்கொண்டேதான் இருக்கும். மெஷின் வைத்துத் தசையைத் துடிக்கவைப்பதாகச் சொன்னால் இன்னும் எச்சரிக்கை. காலில் பலம் ஏறுவது எழுந்து நிற்பதாலும் நடப்பதாலும்தான்.

உங்களைக் கடிப்பது பிசியோ செலவு அல்ல, அட்டெண்டர் சம்பளத்தைக் கார்டில் தள்ளும் பழக்கம். மாதம் 3.5 சதவீத வட்டி என்றால் 1,40,000-க்கு 4,900, அதன்மேல் ஜி.எஸ்.டி. சேர்த்து சுமார் 5,800. நீங்கள் கட்டும் மினிமம் 7,000 போல இருக்கும். ஆக அசலில் கழிவது 1,200, அதே மாதம் புதிதாக ஏறுவது 28,000. பாக்கி இருக்கும்வரை புதுச் செலவுக்கு வட்டியில்லா நாட்களும் கிடையாது, தேய்த்த அன்றே வட்டி ஓடும்.

அந்தப் பணம் அம்மாவுக்கு நல்லது செய்கிறதா என்றால், அதுவும் சந்தேகம். 'விழாமல் பார்த்துக்கொள்' என்று சொல்லிவைத்த ஆளுக்கு, படுக்கவைப்பதே பத்திரம். பெட்பேன் வைப்பார், அக்குளில் கை கொடுத்துத் தூக்குவார், சோற்றைக் கட்டிலுக்கே கொண்டுவருவார். பிசியோ அரைமணி நேரம் சேர்த்துவைத்த பலம் மீதி இருபத்துமூன்றரை மணி நேரத்தில் போய்விடும்.

முதலில் ஆபரேஷன் செய்த டாக்டரிடம், காலில் முழு எடை ஊன்றலாமா, எவ்வளவு குனியலாம் என்று எழுதி வாங்குங்கள். தொடை இடுக்கில் புது வலி, கால் குட்டையானது போன்ற தோற்றம், காய்ச்சல் இருந்தால் அதைப் பார்த்த பிறகே மற்றது. எலும்பு அடர்த்தி குறைவதற்கு (ஆஸ்டியோபோரோசிஸ்) மருந்து உண்டா என்றும் கேளுங்கள். பலருக்கு இது விட்டுப்போகிறது, அடுத்த முறிவும் வருகிறது.

அனுமதி கிடைத்தால் ஆஸ்பத்திரிக் கட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உட்கார்ந்தால் பாதம் தரையில் முழுதாகப் பதிந்து, இடுப்பு முழங்காலைவிடச் சற்று உயர்ந்திருக்கும் கட்டில் போதும். கைப்பிடி உள்ள, ஆடாத நாற்காலியில் உட்கார்ந்து எழுவது ஒரு வேளைக்கு ஐந்து தடவை, நாளுக்கு மூன்று வேளை. முடிய முடியப் பத்தாக்கலாம். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்குவது, காலைப் பக்கவாட்டில் விரிப்பது. வாக்கரில் நாளுக்கு நாலைந்து தடவை நடை. வாக்கர் பிடி, கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்புக்கு நேரே நிற்கவேண்டும். அதன் அடி ரப்பர் தேய்ந்தால் உடனே மாற்றுங்கள், நூறு இருநூறு ரூபாய்தான்.

பாத்ரூமில் இரண்டு ஸ்டீல் கைப்பிடிகளைச் சுவரில் துளைபோட்டு மாட்டுங்கள். உறிஞ்சி ஒட்டும் வகை ஈரத்தில் கழன்றுவரும், டவல் கம்பி ஆள் எடையைத் தாங்காது. வெஸ்டர்ன் கோப்பைக்கு உயரம் கூட்டும் சீட், இரவு விளக்கு, கட்டிலோரம் கமோட் நாற்காலி எல்லாம் சேர்த்து எட்டாயிரத்துக்குள் முடியும்.

இப்போது கணக்குக்கு வருவோம். அட்டெண்டர் காலை எட்டிலிருந்து நான்குவரை மட்டும், சுமார் 15,000. அவர் வேலை, கூடவே நிற்பது, தூக்குவது அல்ல. பிசியோ வாரம் மூன்று நாள், 7,800. நடுநாட்களில் பயிற்சியை வீட்டார் செய்யவைக்கவேண்டும். மொத்தம் 22,800, இன்று ஆவது சுமார் 50,000. தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிசியோ வருகிறார்கள், கட்டணமில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்துவையுங்கள்.

எஃப்.டி.யை உடைக்கவேண்டாம், அதன்மேல் ஓவர்டிராஃப்ட், அதாவது எஃப்.டி.யை ஈடாக வைத்துக் கடன், வாங்குங்கள். டெபாசிட் வட்டிக்கு மேல் ஒன்றிரண்டு சதவீதம்தான் கூடுதல். 1,40,000-க்கு எட்டரை சதவீதம் என்றாலும் மாதம் சுமார் 1,000. கார்டுக்குப் போவது 5,800. கையெழுத்து அம்மாவுடையது, அவரிடமே பேசுங்கள். 'கடைசிக் காலத்துக்கு' என்று வைத்த பணம் கால் ஊன்றுவதற்கு உதவினால் அவர் கோபிக்கமாட்டார்.

இன்ஷூரன்ஸில் டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவு 60, 90 அல்லது 180 நாள்வரை கிடைக்கும். டாக்டர் சீட்டும் முறையான ரசீதும் இருந்தால் அந்த நாட்களுக்குள் வந்த பிசியோ பில்லைக் கேட்டுப்பாருங்கள். அட்டெண்டர் சம்பளம் பொதுவாகக் கிடைக்காது.

அக்காவிடம் வாக்குவாதம் வேண்டாம். டாக்டர் எழுதிக்கொடுத்ததைப் படம் எடுத்து அனுப்பி, பகல் ஆளின் 15,000-ஐ ஏஜென்சிக்கு அவரே நேராகக் கட்டட்டும் என்று கேளுங்கள். ஒத்துக்கொண்டால் ஏழெட்டு மாதத்தில் ஓவர்டிராஃப்ட் அடைந்துவிடும். மாட்டேன் என்றால், எந்த ஆளை எத்தனை மணி நேரம் வைப்பது என்பதை நீங்களும் அம்மாவுமே முடிவுசெய்யலாம்.