குயிக்கன் – ஒரு கடிதமும் பதிலும்

அக்கா, வணக்கம். பழைய ஆங்கில பைபிளில் 119ஆம் சங்கீதம் வாசித்தேன். 'குயிக்கன்' என்ற வினை திரும்பத் திரும்ப வருகிறது. அகராதி 'விரைவுபடுத்து' என்கிறது. பொருந்தவே இல்லை. மொழிபெயர்ப்புப் பிழையா? லைவன், அனிமேட் போன்ற சொற்களுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

தம்பி,

1611இல் வந்த மொழிபெயர்ப்பு அது. எடுத்த எடுப்பிலேயே பிழை என்று சொல்லிவிடுவதா? அகராதியில் முதல் பொருளோடு நின்றுவிட்டீர்கள். அடுத்த வரிக்குக் கண் இறங்கக் கூடாதா? நம் தமிழ் பைபிளைத் திறந்திருந்தாலே போதும். அங்கே 'உயிர்ப்பியும்' என்று இருக்கிறது.

பழைய ஆங்கிலத்தில் குயிக் என்றால் உயிருள்ளது. வேகம் பின்னால் வந்து சேர்ந்த பொருள். நகத்தை ஒட்ட வெட்டினால் சுரீரென்று வலிக்கும் சதைக்கு இன்றும் குயிக் என்றுதான் பெயர். பாதரசம் குயிக்சில்வர், உயிருள்ள வெள்ளி. கொட்டினால் ஓடுகிறதே! குயிக்செட் என்பது நம் உயிர்வேலியேதான். நாம் கிளுவை நட்டோம், அவர்கள் வேறொரு முள்மரம் நட்டார்கள். பெயர் ஒன்றாகவே அமைந்தது.

வயிற்றுப் பிள்ளையின் முதல் அசைவுக்குப் பெயர் குயிக்கனிங். இங்கிலாந்தில் மரண தண்டனை பெற்ற பெண், தான் கர்ப்பிணி என்று சொன்னால் பன்னிரண்டு பெண்கள் அவளைத் தனியே அழைத்துப்போய்ப் பார்ப்பார்கள். பிள்ளை அசைகிறது என்று அவர்கள் சொன்னால் தூக்கு தள்ளிப்போகும். 1931இல்தான் சட்டம் மாறியது. அந்த அறையில் வயிற்றில் கைவைத்துக் காத்திருந்த பெண்ணை நினைத்துப் பாருங்கள்.

எனக்கு அப்போது ஐந்தாம் மாதம். அரிசி களைந்துகொண்டிருந்தேன். அடிவயிற்றில் சின்னதாக ஒரு உந்தல். வாயு என்று நினைத்து ஓமத்தண்ணீர் குடித்தேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், அதே இடத்தில். அம்மாவிடம் சொன்னேன். என் கையிலிருந்த பாத்திரத்தை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "வாயு இல்லடி, பிள்ளை முழிச்சிருக்கு" என்றார். என் விரல்களில் கழுநீர் சொட்டிக்கொண்டிருந்தது. இந்த வினையை எங்கே பார்த்தாலும் எனக்கு அந்தச் சமையலறைதான். அதைப்போய் 'விரைவுபடுத்து' என்கிறீர்களே!

சரி, லைவன் என்பது விருந்தையோ பேச்சையோ களைகட்ட வைப்பது. அனிமேட்டை இப்போதைக்கு விடுங்கள்.

அந்தச் சங்கீதத்தில் 25ஆம் வசனத்தை மட்டும் மறுபடி வாசியுங்கள். தன் ஆத்துமா மண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று ஒருவன் அழுகிறான். அவன் வேகத்தையா கேட்பான்?