சுண்டைக்காய் நாடுகளின் கணக்கு

கேள்வி: சாணக்கியபுரிப் பக்கம் போகும்போதெல்லாம் நீல நம்பர் பிளேட் வைத்த கார்களைப் பார்க்கிறேன். சில நாடுகளின் பெயரையே அங்கேதான் முதன்முதலாகப் படித்தேன். இந்தச் சின்ன நாடுகள் இந்தியாவில் தூதரகம் வைப்பது சரி, புரிகிறது. ஆனால் தங்களுக்குள்ளேயே தூதர்களை அனுப்பி, ஒப்பந்தம் போட்டு, 'பொருளாதார உறவை வலுப்படுத்துவோம்' என்று கைகுலுக்கிக்கொள்வதில் என்ன லாபம்? சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் கதைதானே? பேசாமல் ஒரு பெரிய நாட்டின் நிழலில் ஒதுங்கிவிட்டால் போதாதா?
- ஒரு வாசகர், முனிர்கா, புதுடெல்லி

பதில்: 140 கோடிப் பேர் உள்ள நாட்டின் தலைநகரில் உட்கார்ந்துகொண்டு கேட்டால் கேள்வி இப்படித்தான் வரும். டெல்லியின் பரப்பளவில் பாதிதான் சிங்கப்பூர். போர்னியோ தீவில் இருக்கும் புருனையின் மொத்த மக்கள்தொகை நாலரை லட்சம். உங்கள் புதுடெல்லி மக்களவைத் தொகுதியின் வாக்காளர் பட்டியலில் பாதிகூட வராது. ஆக, நீங்கள் சொல்லும் சுண்டைக்காய்க்கு இந்த இரண்டையும்விடப் பொருத்தமான ஜோடி கிடைக்காது. இவர்களையே எடுத்துக்கொள்வோம்.

சிங்கப்பூரில் உங்களுக்கு உறவுக்காரர்கள் யாராவது இருப்பார்கள், தமிழர்களில் இல்லாதவர்கள் குறைவு. அவர்களிடம் ஒரு புருனை நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். அதில் சுல்தான் படம் இருக்கும். சிங்கப்பூர் நோட்டில் முதல் அதிபர் யூசோஃப் இஷாக் படமும், ஓரத்தில் நம் எழுத்தில் 'சிங்கப்பூர்' என்ற பெயரும். படம் வேறு, நாடு வேறு, மதிப்பு ஒன்றே. அங்குள்ள வங்கியில் பத்து புருனை டாலரைக் கொடுத்தால் பத்து சிங்கப்பூர் டாலர். கமிஷன் கிடையாது, இன்றைய ரேட் என்ன என்ற பேச்சே கிடையாது. கரோல்பாக்கில் டாலர் மாற்றிப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

இந்த ஏற்பாடு 1967 ஜூனில் தொடங்கியது. அப்போது சிங்கப்பூர் மலேசியாவைவிட்டுப் பிரிந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. புருனை சுதந்திர நாடே அல்ல. பிரிட்டிஷ் பாதுகாப்பில் இருந்தது, 1984-ல்தான் முழு சுதந்திரம். மூன்றாவது பங்காளியாக மலேசியாவும் இருந்தது. 1973-ல் அது விலகிக்கொண்டது. பெரியவர் எழுந்து போனார், சின்னவர்கள் இருவரும் தொடர்ந்தார்கள். 2017-ல் ஐம்பதாம் ஆண்டுக்கு இருவரும் சேர்ந்து நினைவு நோட்டு வெளியிட்டார்கள்.

இதில் யாருக்கு என்ன கிடைத்தது? எண்ணெய், எரிவாயுவை மட்டும் நம்பியிருக்கும் புருனைக்கு, எண்ணெய் விலையோடு சேர்ந்து ஆடாத ஒரு நாணயம். சிங்கப்பூருக்கோ பணத்தில் பெரிய ஆதாயம் இல்லை. அதற்கு வேண்டியது வேறு: காடு. அடுக்குமாடிகளுக்கு நடுவே படைக்கு என்ன பயிற்சி கொடுப்பது? அதனால் 1970-களிலிருந்து சிங்கப்பூர்ப் படையினர் புருனையின் தெம்புரோங் காட்டில் பயிற்சி எடுக்கிறார்கள். இந்த இருவருக்கும் இடையே எவ்வளவு சரக்கு போய் வந்தது என்ற வர்த்தகப் புள்ளிவிவரத்தில் இந்தக் காட்டைத் தேடினால் கிடைக்காது. நீங்கள் கால் பணம் என்று கணக்குப் போட்டது அங்கேதான் தப்பு.

அடுத்து உங்கள் நிழல் யோசனை. பசிபிக்கில் நவ்ரு என்று ஒரு தீவு நாடு. 2002-ல் தைவானுடன் இருந்த தூதரக உறவை முறித்துக்கொண்டு சீனாவிடம் போனது. 2005-ல் மறுபடி தைவான். 2024 ஜனவரியில் மறுபடி சீனா. நிழலுக்கு வாடகை உண்டு ஐயா, அதை நிர்ணயிப்பது மரத்தின் சொந்தக்காரர்.

புருனை, சிலி, நியூசிலாந்து, சிங்கப்பூர் நான்கும் வேறு வழியில் போயின. 2005-ல் தங்களுக்குள் ஒரு வர்த்தக ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. அன்றைக்கு நீங்கள் இருந்திருந்தால் இதே பழமொழியைத்தான் சொல்லியிருப்பீர்கள். மூன்றே வருஷத்தில் அமெரிக்கா தானே வந்து பேச்சுவார்த்தையில் சேர்ந்தது. அப்புறம் ஜப்பான், கனடா, மெக்சிகோ எல்லாம் வந்தன. 2017-ல் டிரம்ப் அமெரிக்காவை வெளியே எடுத்தார். கடையை மூடிவிடுவார்கள் என்று பலரும் எழுதினார்கள். மீதி 11 நாடுகள் 2018 மார்ச்சில் சிலியின் சாண்டியாகோவில் கையெழுத்துப் போட்டு முடித்தன. 2021-ல் சீனா விண்ணப்பம் போட்டது. 2024 டிசம்பரில் பிரிட்டனே உறுப்பினரானது. ஒரு காலத்தில் இந்த நாலில் மூன்றைத் தன் ஆதிக்கத்தில் வைத்திருந்த பிரிட்டன், அவர்கள் தொடங்கி வைத்த விதிகளை ஏற்றுக்கொண்டு உள்ளே வந்தது.

கொரோனாவில் இன்னொன்று பார்த்தோம். பெரிய நாடுகள் முகக்கவசத்துக்கும் மருந்துக்கும் ஏற்றுமதித் தடை போட்டுக்கொண்டிருந்த 2020 ஏப்ரலில், சிங்கப்பூரும் நியூசிலாந்தும் அத்தியாவசியப் பொருள்களுக்கு ஒருவருக்கொருவர் தடையும் போடமாட்டோம், சுங்கமும் வாங்கமாட்டோம் என்று அறிவித்தன. நம் அரசும் அப்போது சில மருந்துகளுக்குத் தடை போட்டது, ஞாபகம் இருக்கும்.

எல்லாச் சின்ன நாடுகளின் ஒப்பந்தமும் இப்படி உருப்பட்டுவிடுவதில்லை. விமான நிலையத்தில் மாலை, ஓட்டலில் விருந்து, 'புரிந்துணர்வு' என்று தலைப்பிட்ட நாலு பக்கம், அத்தோடு சரி என்பவையும் ஏராளம். என்ன வேண்டும் என்று இருவருக்கும் தெளிவாகத் தெரிந்த இடத்தில்தான், நாணயமோ காடோ மருந்தோ, அது நிலைக்கிறது.

ஆனால் மாலை மரியாதையோடு நின்றுபோவதைப் பற்றி டெல்லிக்காரர்கள் சின்ன நாடுகளைக் கேலி செய்வதற்கு முன் கொஞ்சம் யோசிக்க வேண்டும். தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க்கின் தலைவர்கள் கடைசியாகக் கூடியது 2014-ல், காத்மாண்டுவில். வங்காள விரிகுடாவைச் சுற்றியுள்ள நாடுகளின் கூட்டமைப்பாக 1997-ல் தொடங்கிய பிம்ஸ்டெக்குக்குச் சாசனம் கையெழுத்தானது 2022-ல். இந்த இரண்டிலும் இருக்கும் பெரிய நாடு எது என்று நான் சொல்லத் தேவையில்லை.