பாய்சனின் முதல் ஆல்பம்: கேட்டவையும் சொன்னவையும்

கேள்வி: அண்ணே, 'லுக் வாட் த கேட் டிராக்ட் இன்' ஆல்பம் சில ஆயிரம் டாலரில் முடிந்ததாமே, நிஜமா?

நிஜம்தான். பாய்சன் என்பது மேக்கப் போட்டு மேடையேறிய அமெரிக்க ராக் பேண்ட், இது அவர்களின் முதல் ஆல்பம். சுமார் 23,000 டாலர், பன்னிரண்டு நாள். அன்றைக்குப் பெரிய கம்பெனிகள் ஒரு ராக் ஆல்பத்துக்குச் செலவழித்ததோடு பார்த்தால் இது சில்லறை. 1986இல் எனிக்மா என்ற சின்ன நிறுவனம் வெளியிட்டது, தயாரிப்பாளர் ரிக் பிரௌடி. கேட்டாலே பணமில்லாதது தெரியும். டிரம்ஸ் மெலிந்து ஒலிக்கும், கிட்டார் கொஞ்சம் கரகரக்கும். எனக்கு அதுதான் பிடிக்கும். அடுத்த ஆல்பத்தில் எல்லாம் பளபளப்பாகிவிட்டது.

கேள்வி: இவர்கள் லாஸ் ஏஞ்சலஸ்காரர்கள்தானே?

இல்லை. பென்சில்வேனியாவில் மெக்கானிக்ஸ்பர்க் பக்கம். அங்கே 'பாரிஸ்' என்ற பெயரில் வாசித்தார்கள். பிறகுதான் பாடகர் பிரெட் மைக்கேல்ஸ், டிரம்மர் ரிக்கி ராக்கெட், பேஸ் வாசித்த பாபி டால், கிட்டாரிஸ்ட் மேட் ஸ்மித் நால்வரும் லாஸ் ஏஞ்சலஸ் போனார்கள். அங்கே ராக் கிளப்புகள் நிறைந்த சன்செட் ஸ்ட்ரிப் தெருவில் அப்போது தடுக்கி விழுந்தால் ஒரு பேண்ட். தெருவில் நின்று நோட்டீஸ் கொடுத்துத்தான் கூட்டம் சேர்க்க வேண்டும். அந்த வேலையில் இவர்களை மிஞ்ச ஆளில்லை. வாசிப்பில் மிஞ்ச நிறையப் பேர் இருந்தார்கள், அது வேறு விஷயம்.

கேள்வி: கன்ஸ் என் ரோசஸ் கிட்டாரிஸ்ட் ஸ்லாஷ் பாய்சனில் சேரப் பார்த்தார் என்பது கட்டுக்கதையா?

கதையில்லை. குழந்தை பிறக்கவிருந்ததால் மேட் ஸ்மித் ஊர் திரும்பினார். காலியான இடத்துக்கு ஆள் எடுத்தபோது ஸ்லாஷும் வந்து வாசித்தார். இடம் கிடைத்தது சி.சி. டிவில்லுக்கு. ஸ்லாஷ்தான் பெரிய கிட்டாரிஸ்ட், சந்தேகமே இல்லை. ஆனால் அந்த மேக்கப், அந்த உடை, அவருக்கு எப்படி ஒட்டும்? சி.சி. வரும்போதே, தன் பழைய பேண்டில் வைத்திருந்த 'டாக் டர்ட்டி டு மீ' கிட்டார் மெட்டையும் கொண்டுவந்தார். பேண்டுக்குச் சோறு போட்டதே அந்த மெட்டுதான்.

கேள்வி: அட்டையில் இருப்பது பெண்கள் என்று நினைத்தேன் சார்.

நீங்கள் மட்டுமில்லை! நாலு கட்டம், பேண்ட் ஆண்கள் நால்வரின் முகம், வேண்டிய மட்டும் ரூஜும் லிப்ஸ்டிக்கும். கடையில் அதைக் கண்டதும் எடுத்துத் திருப்பிப் பார்க்கத் தோன்றும், பாதி விற்பனை அங்கேயே முடிந்துவிடும்.

கேள்வி: எப்படி ஹிட் ஆனது? ரேடியோவா?

மெதுவாகத்தான். முதலில் விட்ட 'க்ரை டஃப்' அமெரிக்காவில் எடுபடவில்லை. அப்புறம் 'டாக் டர்ட்டி டு மீ' வந்தது. இசைச் சேனல் எம்டிவி அதன் வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட, 1987இல் அமெரிக்காவின் பில்போர்டு தரவரிசையில் பாட்டு 9ஆம் இடம், ஆல்பம் 3ஆம் இடம். அமெரிக்காவில் மட்டும் முப்பது லட்சம் பிரதிகள் விற்றன. போட்ட காசைக் கணக்குப் பார்த்தால் எண்பதுகளில் இதுபோல லாபம் தந்த ராக் ஆல்பங்கள் குறைவாகத்தான் இருக்கும்.

கேள்வி: விமர்சகர்கள் திட்டினார்களே?

திட்டினார்கள். வாசிப்பு சுமார் என்றது சரி. பாட்டு சுமார் என்றதை ஏற்கமாட்டேன்.

கேள்வி: புதிதாகக் கேட்பவன் எங்கே ஆரம்பிக்கலாம்?

'டாக் டர்ட்டி டு மீ', அடுத்து 'ஐ வோன்ட் ஃபர்கெட் யூ'. இந்த இரண்டும் பிடிக்கவில்லையென்றால் மீதி எட்டுப் பாட்டுக்கு நேரம் செலவழிக்க வேண்டாம். பிடித்தால் ஹெட்போனை விட்டுவிட்டு ஸ்பீக்கரில் சத்தமாகப் போடுங்கள்.