நொடிந்துபோன உணவகங்களை மீட்கும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் அவற்றை உண்மையிலேயே காப்பாற்றுகின்றனவா?

பெரும்பாலும் இல்லை. ஆனால் அந்த நிகழ்ச்சிகளில் சொல்லப்படும் யோசனைகளில் அநேகமாக எல்லாமே சரியானவை. அவை வந்து சேரும்போது கையிருப்பு தீர்ந்து, கடன் கழுத்துவரை ஏறியிருக்கிறது என்பதுதான் சிக்கல். உணவகங்களுக்கு வரவு செலவுக் கணக்குப் பார்க்கும் தொழிலில் இருக்கிறேன். ஆகவே சமையலறையில் யார் யாரைத் திட்டுகிறார்கள் என்பதைக் காட்டிலும், உரிமையாளரிடம் எங்கோ நடுவில் கேட்கப்படும் "மொத்தம் எவ்வளவு கடன் இருக்கிறது?" என்ற கேள்விக்காகவே நான் இவற்றைப் பார்க்கிறேன். அந்தப் பதில் சில நொடிகளில் கடந்துபோய்விடும். அந்த உணவகம் பிழைக்குமா பிழைக்காதா என்பது பெரும்பாலும் அந்தத் தொகையிலேயே தெரிந்துவிடும்.

இந்த வகை நிகழ்ச்சிகளுக்கு உலகெங்கும் பெயர் வாங்கித் தந்தது, பிரிட்டிஷ் சமையல் வல்லுநர் கார்டன் ராம்சே பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சியில் 2004-இல் தொடங்கிய 'ராம்சேஸ் கிச்சன் நைட்மேர்ஸ்'. அதன் அமெரிக்க வடிவத்தை ஃபாக்ஸ் தொலைக்காட்சி 2007 முதல் 2014 வரை ஒளிபரப்பி, 2023-இல் மறுபடியும் தொடங்கியது. 2011-இல் அமெரிக்காவில் ராபர்ட் இர்வினின் 'ரெஸ்டாரன்ட்: இம்பாசிபிள்', மதுக்கூடங்களுக்கென்றே ஜான் டாஃபர் நடத்திய 'பார் ரெஸ்க்யூ' ஆகியவை வந்தன. ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின், இத்தாலி, பிரேசில், தென்கொரியா என்று பல நாடுகளில் இதே கதையை அந்தந்த நாட்டுச் சமையல் வல்லுநர்கள் நடத்தியிருக்கிறார்கள். வல்லுநர் வருகிறார், சாப்பிட்டுப் பார்த்து முகம் சுளிக்கிறார், ஒரு மாலை நேர வியாபாரத்தைக் கவனிக்கிறார், குளிர்பதனப் பெட்டியைத் திறக்கிறார், சண்டை மூள்கிறது, உணவுப் பட்டியல் சுருங்குகிறது, சுவர்களுக்குப் புது வண்ணம் பூசப்படுகிறது, மறுதிறப்பு நாளில் கூட்டம் நிரம்புகிறது.

முதலில், இந்த நிகழ்ச்சிகளுக்கு விண்ணப்பிப்பவர்கள் யார் என்பதை யோசித்துப் பாருங்கள். வியாபாரம் லேசாகத் தளரும்போது எவரும் தம் அழுக்குச் சமையலறையைக் கோடிக் கணக்கான மக்களுக்குக் காட்ட முன்வரமாட்டார். வங்கி கைவிரித்து, சரக்குக்காரர்கள் கடனுக்குத் தர மறுத்து, வீட்டை அடமானம் வைத்து, பெற்றோரின் ஓய்வுக்காலச் சேமிப்பையும் கரைத்த பிறகுதான் ஒருவர் கேமராவைக் கூப்பிடுகிறார். நான் கணக்குப் பார்த்த ஓர் உணவகத்தில், சரக்குக்காரர்கள் அனுப்பிய கடித உறைகள் கல்லா மேசையின் இழுப்பறைக்குள் பிரிக்கப்படாமலேயே அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. உரிமையாளர் சோம்பேறியும் அல்லர், மோசடிக்காரரும் அல்லர், உள்ளே இருக்கும் எண்ணைப் பார்க்கும் தெம்பு அவரிடம் இல்லை. திரையில் உரிமையாளர்கள் தம் கடன் தொகையைச் சொல்லத் திணறும்போது பார்வையாளர்கள் அதை அலட்சியம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அந்த உறைகள்தான் நினைவுக்கு வரும்.

உணவகத்தின் கணக்கு எவ்வளவு இறுக்கமானது என்பது வெளியில் இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. அமெரிக்க, பிரிட்டிஷ் உணவகத் துறையில் பொதுவாகச் சொல்லப்படும் அளவுகளின்படி, விற்பனை 100 என்றால் உணவுப் பொருள்களுக்கு ஏறத்தாழ 30, சம்பளத்திற்கு இன்னொரு 30, வாடகைக்கு 6 முதல் 10 வரை போய்விடும். மின்சாரம், எரிவாயு, காப்பீடு, பழுதுபார்ப்பு, வரி, அட்டைப் பரிவர்த்தனைக் கட்டணம் எல்லாவற்றையும் கழித்தால், நன்றாக நடக்கும் இடத்திலேயே 3 முதல் 5 வரை மிஞ்சினால் பெரிய விஷயம். வாங்கிய பொருளில் பத்தில் ஒரு பங்கு குப்பைக்குப் போனால் அதுவே 3. அதாவது மாதம் முழுவதும் பாடுபட்டதன் லாபம் அப்படியே குப்பைத் தொட்டியில் விழுகிறது. இதே மூன்று, ஐந்திலிருந்துதான் பழைய கடனுக்கு வட்டியும் அசலும் கட்ட வேண்டும். பல ஆண்டு விற்பனைக்குச் சமமான கடனைச் சுமக்கும் ஓர் உணவகம், நாளை முதல் குறையே இல்லாமல் நடந்தாலும், அந்தக் கடனை அடைக்க உரிமையாளரின் ஆயுள் போதாது.

இந்த நிலையில் நிகழ்ச்சி என்ன தருகிறது என்று பாருங்கள். 'ரெஸ்டாரன்ட்: இம்பாசிபிள்' நிகழ்ச்சியின் விதியே இரண்டு நாள், 10,000 டாலர் என்பதுதான். அந்தப் பணம் தரைக்கும் சுவருக்கும் நாற்காலிக்கும் போகிறது. 2018-இல் ராம்சே தொடங்கிய இன்னொரு நிகழ்ச்சியில் அவகாசம் 24 மணி நேரமாகச் சுருங்கியது. வாடகை ஒப்பந்தம் அப்படியே இருக்கிறது, வங்கி அப்படியே இருக்கிறது, வரி பாக்கியும் அப்படியே இருக்கிறது. இடம் அழகாகிவிடுகிறது, சில மாதங்கள் கூட்டம் வருகிறது, பிறகு பழைய பாக்கிக்காரர்களும் அந்தக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு வந்து நிற்கிறார்கள். ராம்சே தொட்ட உணவகங்களில் பெரும்பாலானவை பின்னாளில் மூடப்பட்டதற்கும், சில அந்த அத்தியாயம் ஒளிபரப்பாவதற்கு முன்பே மூடப்பட்டதற்கும் இதுதான் முதன்மைக் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அப்படியானால் இவற்றில் பார்க்க ஒன்றுமே இல்லையா என்றால், நிறையவே இருக்கிறது. குறிப்பாக, உணவுப் பட்டியலைக் குறைக்கும் இடம். தோற்றுக்கொண்டிருக்கும் உணவகத்தின் பட்டியல் ஏறக்குறைய எப்போதும் நீளமாகவே இருக்கும். விற்பனை குறையும்போது, 'இது இல்லையே என்று யாரும் திரும்பிப் போய்விடக் கூடாது' என்ற பயத்தில் உரிமையாளர் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போகிறார். அறுபது உணவுகள் என்றால் அவை ஒவ்வொன்றுக்கும் பொருள் வாங்கி வைக்க வேண்டும். எது எப்போது கேட்கப்படும் என்று தெரியாததால் முன்கூட்டியே சமைத்து உறைய வைக்க வேண்டும். கேட்டவுடன் மைக்ரோவேவில் சூடாக்கித் தர வேண்டும். அதனால் சுவை கெடும், வருபவர்கள் குறைவார்கள், மீண்டும் பட்டியல் நீளும். வல்லுநர் அதைப் பத்துப் பன்னிரண்டு உணவுகளாகக் குறைக்கும்போது உரிமையாளர்கள் அழுவதைப் பார்த்திருப்பீர்கள். கணக்கு எழுதுபவனின் கண்ணுக்கு அந்த நிகழ்ச்சியிலேயே மிக மதிப்புள்ள நிமிடம் அதுதான். கொள்முதல் குறைகிறது, வீணாவது குறைகிறது, இருக்கிற ஆள்களே போதுமானவர்கள் ஆகிறார்கள், எல்லாம் அன்றைக்கே வாங்கிச் சமைக்கப்படுகிறது. காசு செலவில்லாமல் செய்யக்கூடிய ஒரே பெரிய சீர்திருத்தமும் அதுவே.

குளிர்பதன அறைக் காட்சியையும் அருவருப்புக்காக மட்டும் பார்க்காதீர்கள். கதவு திறந்ததும் தெரிவது, தேதி எழுதப்படாத பிளாஸ்டிக் டப்பாக்கள். மேலடுக்கில் பச்சைக் கோழி, அதன் கீழே மூடாமல் வைத்த சாஸ், மூலையில் அடிப்பகுதி நீர்விட்ட காய்கறிப் பெட்டி, அதற்குப் பின்னால் எப்போது உறைய வைத்தது என்று தலைமைச் சமையல்காரருக்கே தெரியாத ஒரு மூட்டை. இது சுகாதாரக் கேடு என்பது வெளிப்படை. ஆனால் அந்த டப்பாக்கள் ஒவ்வொன்றும் ஏற்கெனவே கொடுத்த பணம், அல்லது இன்னும் சரக்குக்காரருக்குக் கொடுக்க வேண்டிய பணம். புதிதாக வந்ததைப் பின்னால் வைத்துப் பழையதை முன்னால் இழுத்து முதலில் செலவழிக்க வேண்டும் என்ற எளிய ஒழுங்கு எங்கே இல்லையோ, அங்கே கல்லாவிலும் ஒழுங்கு இருக்காது. என் அனுபவத்தில் இதற்கு விதிவிலக்கைக் கண்டதில்லை.

குடும்பச் சண்டைகளைப் பற்றியும் ஒரு கருத்து உண்டு. கணவனும் மனைவியும் வாடிக்கையாளர்கள் முன்னிலையில் கத்துவது, அப்பா பிள்ளையை நம்பாதது, அண்ணன் தம்பி பேசாமல் இருப்பது ஆகியவற்றை, விறுவிறுப்புக்காகச் சேர்த்தவை என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். தயாரிப்பாளர்கள் அத்தகைய குடும்பங்களைத் தேடிப் பிடிப்பது உண்மைதான். ஆனால் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்துக் கொலம்பஸ் நகர உணவகங்களை ஆராய்ந்து எச்.ஜி. பார்சாவும் உடன் ஆய்வாளர்களும் 2005-இல் வெளியிட்ட கட்டுரையில், தோற்ற உரிமையாளர்களுடன் பேசியபோது தெரியவந்தவற்றில் முக்கியமானது குடும்பத்திற்கும் தொழிலுக்கும் இடையிலான இழுபறிதான். அதனால் அந்தச் சண்டைகளை நான் தள்ளிவிட்டுப் பார்ப்பதில்லை. வீட்டில் தூங்கும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் உணவகம் விழுங்கிவிடும்போது, யார் முடிவெடுப்பது என்பது தீராத இரண்டு பேர் ஒரே சமையலறையில் நிற்பதே ஒரு செலவுதான்.

அதே ஆய்வு இன்னொரு தவறான பேச்சையும் திருத்துகிறது. பத்தில் ஒன்பது உணவகங்கள் முதல் ஆண்டிலேயே மூடப்படும் என்று பலரும் சொல்வார்கள். கொலம்பஸில் முதல் ஆண்டில் மூடப்பட்டவை ஏறத்தாழ 26 விழுக்காடு. மூன்று ஆண்டுகளில் ஏறத்தாழ 60 விழுக்காடு. தொலைக்காட்சி பக்கமே போகாத உணவகங்களின் கதியே இதுவென்றால், சாகும் தறுவாயில் பொறுக்கியெடுக்கப்பட்டவற்றில் பெரும்பகுதி மூடப்பட்டதை வைத்து வல்லுநரைக் குறை சொல்வது நியாயமில்லை.

கூட்டம் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் உண்மையன்று. பிரிட்டனின் பிரைட்டன் நகரில் இருந்த மம்மா செர்ரீஸ் உணவகத்தில் ராம்சே சாப்பிட்டுத் தட்டைக் காலி செய்தார். அங்கே சமையலில் குறையில்லை. நடத்தும் முறையில்தான் இருந்தது. நிகழ்ச்சிக்குப் பின் கூட்டம் குவிந்தது, பெரிய இடத்திற்கு மாறினார்கள், கடைசியில் அதுவும் மூடப்பட்டது. தென்கொரியாவில் எஸ்.பி.எஸ். தொலைக்காட்சிக்காகப் பெக் ஜோங்-வோன் 2018 முதல் 2021 வரை நடத்திய நிகழ்ச்சி வேறு வகை. ஒரு சந்தில் உள்ள பல சிறு கடைகளை எடுத்துக்கொண்டு வாரக்கணக்கில் பயிற்சி கொடுப்பார். சோல் நகரின் ஒரு சந்தைப் பகுதியில், பன்றி இறைச்சியை மாவு தோய்த்துப் பொரித்து விற்ற சிறு கடையின் பட்டியலை அவர் மிகவும் சுருக்க, அதன் புகழ் பரவி மக்கள் முந்தின இரவே வந்து வரிசையில் நின்றார்கள். அந்த நெரிசலாலும் சத்தத்தாலும் அக்கம்பக்கத்தில் எழுந்த புகார்களுக்கு நடுவே கடை தாங்க முடியாமல் 2019 இறுதியில் ஜேஜு தீவுக்கு இடம்பெயர்ந்தது. அங்கே அது தொடர்ந்து நடந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். பட்டியலைப் பெருக்காமல், ஒரு நாளில் செய்ய முடிந்ததை மட்டும் செய்து விற்றார்கள்.

இவை நாடகமா என்ற கேள்வியும் அடிக்கடி எழுகிறது. பிரிட்டிஷ் தொடரின் முதல் உணவகமான போனபார்ட்ஸில் காட்சிகள் ஜோடிக்கப்பட்டவை என்று லண்டன் நாளிதழ் ஒன்று எழுத, ராம்சே தரப்பு அவதூறு வழக்குத் தொடுத்து 2006-இல் 75,000 பவுண்டு இழப்பீடு பெற்றது. ஆகவே 'எல்லாம் பொய்' என்று ஒரே வீச்சில் தள்ளிவிட முடியாது. ஆனால் எதைக் காட்டுவது, எதை வெட்டுவது என்பதில் தொலைக்காட்சியின் தேவை வேறு, உணவகத்தின் தேவை வேறு. அமெரிக்கத் தொடரில் மிக அதிகமாகப் பேசப்பட்ட அத்தியாயம், அரிசோனாவின் ஸ்காட்ஸ்டேல் நகரத்து ஏமிஸ் பேக்கிங் கம்பெனி பற்றி 2013 மே மாதம் வந்தது. உரிமையாளர்கள் எந்த யோசனையையும் ஏற்காததால் ராம்சே பாதியில் வெளியேறினார். மீட்பு நிகழ்ச்சியின் மிகப் புகழ்பெற்ற அத்தியாயத்தில் மீட்பே நடக்கவில்லை. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. ஏனென்றால் பட்டியலை அமைதியாகச் சுருக்கிக் கணக்கைச் சரிசெய்து பிழைத்துக்கொண்ட உணவகங்களின் அத்தியாயங்களை யாரும் பகிர்வதில்லை, அவற்றிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியவர்கள் கண்ணில் அவை படுவதும் இல்லை.

உணவகம் தொடங்கும் எண்ணத்தில் இதைக் கேட்டிருந்தால், அமெரிக்க வடிவத்தைவிடப் பிரிட்டிஷ் தொடரின் 2004 முதல் 2007 வரையிலான பகுதிகளை முதலில் பாருங்கள். அதில் பின்னணி இசையின் இரைச்சல் குறைவு, ராம்சே தாமே விளக்கம் சொல்கிறார், சுவருக்கு வண்ணம் பூசுவதைவிடச் சமையலறையில் செலவிடும் நேரம் அதிகம், சில வாரங்கள் கழித்து அவர் திரும்பிப் போய்ப் பார்க்கும் பகுதியும் உண்டு. பார்க்கும்போது ஒரு தாளை எடுத்துக்கொண்டு இருக்கைகள் எத்தனை, ஒரு மாலையில் வந்தவர்கள் எத்தனை பேர், ஊழியர்கள் எத்தனை பேர், கடன் எவ்வளவு என்று காதில் விழுவதையெல்லாம் குறித்து வையுங்கள். பிறகு நான் மேலே சொன்ன 30, 30, 10 என்ற அளவுகளை வைத்து, அந்த உணவகம் வாரம் எவ்வளவு விற்றால் கடன் தவணையைக் கட்ட முடியும் என்று போட்டுப் பாருங்கள். மறுதிறப்பு நாளின் கைதட்டலுக்கு முன்பே உங்களுக்கு விடை கிடைத்துவிடும்.