ஊருக்குள் போகும் பாடம்: களப்பணித் தாள் பற்றிக் கேள்வி பதில்

கல்லூரிப் பாடத்திட்டத்தில் ஊர்ப்பணியையும் உள்ளூர் ஆய்வையும் சேர்ப்பது பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன். பொருளியல் துறையில் அப்படி ஒரு தாளைப் பல ஆண்டுகள் நடத்தியவள் நான். எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

உதவிப் பேராசிரியர், வணிகவியல், விருதுநகர்: மேடம், எங்கள் கல்லூரியில் என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) நன்றாகவே நடக்கிறது. தனியாக ஒரு தாள் எதற்கு? அதுவும் வணிகவியலில்?

என்.எஸ்.எஸ். தொடரட்டும், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். காந்தி நூற்றாண்டான 1969இல் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கிய திட்டம் அது. இரண்டு ஆண்டில் 240 மணி நேரம், கூடவே ஏழு நாள் முகாம் என்பது அதன் கணக்கு. சேர்கிற பிள்ளை வேதியியல் படிக்கிறதா, வரலாறு படிக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. வாய்க்கால் தூர் வார அது தேவையுமில்லை. தாள் என்று வந்துவிட்டால் வகுப்பில் படித்தது ஊரில் பயன்பட வேண்டும். ஊரில் பார்த்ததை வைத்து வகுப்பில் கேள்வி கேட்க வேண்டும்.

வணிகவியலுக்கு இடமில்லை என்று நினைக்காதீர்கள். உங்கள் பிள்ளைகளைப் பக்கத்துக் கிராமத்துப் பால் கூட்டுறவுச் சங்கத்துக்கு விடியற்காலையில் அனுப்புங்கள். அங்கே பாலுக்கு லிட்டர் இவ்வளவு என்று ஒரே விலை கிடையாது. கொழுப்பு எவ்வளவு, கொழுப்பல்லாத திடச்சத்து எவ்வளவு என்று பார்த்துத்தான் விலை. இரண்டு மாடு வைத்திருக்கும் அம்மாவுக்குக் கையில் வரும் தொகை தெரியும், அது ஏன் போன வாரத்தைவிடக் குறைந்தது என்பது பல நேரம் தெரியாது. அவருடைய பால் அட்டையையும் சங்கத்தின் பேரேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தீவனத்துக்குப் பிடித்தது எவ்வளவு, பட்டுவாடா எவ்வளவு என்று எல்லோருக்கும் புரிகிற தமிழில் ஒரு பக்கக் கணக்கு எழுதித் தரட்டும். பேரேடு, பற்று வரவு எல்லாம் அன்றைக்குத்தான் அவர்களுக்குப் புரியும்.

முதுநிலை மாணவர், திருச்சி: இளநிலை மாணவர்கள் எடுக்கும் சர்வேயை யாராவது ஆய்வாக மதிப்பார்களா?

தம்பி, இந்தியக் கிராமப் பொருளியலின் பழைய, பெருமைக்குரிய ஆவணங்களில் ஒன்று மாணவர்கள் எடுத்த சர்வேதான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் தம் மாணவர்களை அவரவருக்குப் பழக்கமான கிராமங்களுக்கே அனுப்பினார். நிலம் யாரிடம் இருக்கிறது, கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு, வீட்டில் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்டு எழுதிவரச் சொன்னார். 1918இல் அது அச்சாகி வந்தது. இருவேல்பட்டு, தூசி, பலக்குறிச்சி, வடமலைபுரம், கங்கைகொண்டான் ஆகிய ஊர்களை இன்றும் ஆய்வாளர்கள் ‘ஸ்லேட்டர் கிராமங்கள்’ என்றே சொல்கிறார்கள்.

1936-37இல் அதே பல்கலைக்கழகப் பொருளியல் ஆசிரியர்கள் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அந்த ஊர்களை மறுபடி ஆராய வைத்தார்கள். விழுப்புரம் பக்கத்து இருவேல்பட்டுக்கு 1980களிலும் போனார்கள், 2008இலும் போனார்கள். ஒரே ஊரில் நிலமும் கூலியும் சாதி உறவுகளும் ஏறக்குறைய நூறாண்டில் எப்படி மாறின என்று பார்க்க முடிகிறதென்றால், முதல் சர்வேயை எடுத்த மாணவர்கள் ஒழுங்காக எழுதி வைத்ததுதான் காரணம். நீங்கள் இன்று எழுதுவதும் அடுத்தவர் ஒப்பிட்டுப் பார்க்கும்படி இருக்க வேண்டும். தேதி போடுங்கள். எந்தத் தெருவில் எத்தனை வீடு, எந்த வீட்டைக் கேட்டீர்கள், எதை விட்டீர்கள் என்று எழுதுங்கள். ‘பலர் சொன்னார்கள்’ என்று மட்டும் எழுதாதீர்கள்.

ஊராட்சி வார்டு உறுப்பினர், சிவகங்கை மாவட்டம்: அம்மா, காலேஜ்காரங்க வர்றாங்க, மரக்கன்னு நட்டு போட்டோ எடுத்துட்டுப் போயிடுறாங்க. நாங்க என்ன கேக்கணும்?

இந்தக் கேள்வியை அனுப்பியதற்கு உங்களுக்கு நன்றி. கல்லூரிகளைக் கிராமங்களோடு இணைக்கும் மத்திய அரசின் ‘உன்னத் பாரத் அபியான்’ திட்டத்தில் சேரும் ஒவ்வொரு கல்வி நிறுவனமும் குறைந்தது 5 கிராமங்களைத் தத்தெடுக்க வேண்டும். ஊர்ப்பெயர் பட்டியலில் ஏறிவிடுகிறது, ஊருக்கு என்ன வேண்டும் என்று கேட்பது மட்டும் பல இடங்களில் விட்டுப்போகிறது.

நீங்கள் மூன்று விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். எதை ஆராய்வது என்பதை ஊரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். கண்மாயில் மடை ஒழுகுவதுதான் உங்கள் கவலை என்றால், பிளாஸ்டிக் விழிப்புணர்வு ஊர்வலம் இந்த வருஷம் வேண்டாம் என்று தயங்காமல் சொல்லுங்கள். வருகிறவர்கள் அடுத்த ஆண்டும் வருவார்களா என்று கேளுங்கள். முடிவைத் தமிழில் எழுதி கிராம சபையில் வாசிக்க வேண்டும் என்றும் சொல்லிவிடுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் சபை கூடுகிறது. அதில் ஒரு நாளைக் கல்லூரி தன் நாட்காட்டியிலேயே குறித்துவிடலாம். ஊர்க்காரர்கள் எழுந்து “இந்தக் கணக்கு தப்பு, எங்க தெருவுக்கு நீங்க வரவே இல்லை” என்று சொன்னால் மாணவர்கள் குறித்துக்கொண்டு திருத்தட்டும்.

வேதியியல் மாணவி, தருமபுரி: எங்கள் ப்ராஜெக்டில் ஒரு போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் வந்தது. யாரிடம் சொல்வது? சொன்னால் பிரச்சினை ஆகுமா?

சொல்லத்தான் வேண்டும் அம்மா. இந்தியத் தர நிர்ணயப்படி 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம். வேறு தண்ணீர் இல்லாவிட்டால் 1.5 வரை. உங்கள் மாவட்டத்தில் பற்களில் பழுப்புக் கறை உள்ள குழந்தைகளை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

வேறொரு நாள் மறுபடி மாதிரி எடுத்துச் சோதியுங்கள். அதே மாதிரியில் ஒரு பகுதியைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்திலும் சோதிக்க ஏற்பாடு செய்யுங்கள். அந்த போர் தண்ணீரைக் குடிக்கிறார்களா, மாட்டுக்கும் துணி துவைக்கவும் மட்டும்தானா என்று விசாரியுங்கள். இதைக் கேட்காமலே அறிக்கை எழுதுகிறவர்கள் நிறைய. பிறகு உங்கள் பேராசிரியரோடு போய் ஊராட்சித் தலைவரிடம் எழுத்தில் கொடுங்கள். வீட்டுக்காரர்களிடம் பேசும்போது பயமுறுத்தாதீர்கள், ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லுங்கள்: கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். இந்தத் தண்ணீரை விட்டு வேறு எந்த போரில் எடுக்கலாம் என்பதையும் சோதித்துச் சொன்னால் உங்கள் ப்ராஜெக்ட் அந்த ஊருக்கு உதவும்.

துறைத்தலைவர், தன்னாட்சிக் கல்லூரி, கோவை: கிரெடிட், மதிப்பெண் எல்லாம் எப்படி?

இப்படிப்பட்ட சமூக ஈடுபாட்டுத் தாளுக்குப் பல்கலைக்கழக மானியக் குழு 2020இல் தந்த வழிகாட்டுதலே 2 கிரெடிட், 30 மணி நேரம், அதில் பாதியாவது களத்தில் என்கிறது. பாடத்திட்டக் குழுவில் இதைக் காட்டினால் போதும். மதிப்பெண்ணில் பெரிய பங்கு களக்குறிப்பேட்டுக்குப் போகட்டும். தட்டச்சு செய்து ஸ்பைரல் போட்ட அறிக்கையைப் பார்த்து ஏமாற வேண்டாம். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) ஊர்க்காரர் ஒருவரையும் உட்கார வையுங்கள். திண்டுக்கல் பக்கத்துக் காந்திகிராமம் 1956இல் கிராமியக் கல்வி நிறுவனமாகத் தொடங்கிய இடம். அங்கே மாணவர்கள் கிராமத்திலேயே தங்கும் பயிற்சி பாடத்தோடு சேர்ந்தது. ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஒரு மாணவியின் தாயார், தேனி: பொம்பளப் பிள்ளைய ஊர் ஊரா அனுப்புறது பயமா இருக்கே?

நியாயமான பயம். நாலைந்து பேராகச் சேர்ந்துதான் போக வேண்டும், ஆசிரியர் கூட இருக்க வேண்டும், பொழுது சாய்வதற்குள் திரும்ப வேண்டும், கழிப்பறைக்கு முன்கூட்டியே ஏற்பாடு இருக்க வேண்டும். இதைக் கல்லூரியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கொடுத்தால் அனுப்புங்கள். ஊர்ப் பெண்கள் வீட்டுத் தண்ணீர்க் கஷ்டத்தையும் கடனையும் உங்கள் மகளிடம்தான் மனம் திறந்து பேசுவார்கள்.

தமிழ்த்துறை விரிவுரையாளர், மதுரை: எங்களுக்கு இதில் என்ன வேலை? ஜூனில் ஆரம்பிக்க நினைக்கிறோம்.

உங்களுக்குத்தான் அவசர வேலை. மடை, கலிங்கு, வரத்துக்கால், உள்வாய் என்று கண்மாயின் ஒவ்வொரு உறுப்புக்கும் ஊரில் பெயர் இருக்கிறது. ஒவ்வொரு வயலுக்கும் பெயர் இருக்கிறது. எந்த வயலுக்கு எந்த முறையில் தண்ணீர் என்பது, கண்மாய்த் தண்ணீரைப் பங்கிட்டு விடும் பெரியவரான ‘நீர்க்கட்டி’க்கு மனப்பாடம். பல ஊர்களில் அந்த வேலைக்கு அடுத்த ஆள் இல்லை. கிராம நிர்வாக அலுவலரிடம் கண்மாய் வரைபடத்தின் நகல் கேட்டு வாங்குங்கள். அந்தப் பெரியவரோடு கரையில் நடந்து, அவர் சொல்லும் பெயர்களை அதில் குறிக்கட்டும் மாணவர்கள். அவர் அனுமதித்தால் குரலையும் பதிவு செய்யட்டும்.

ஜூன் வரை காத்திருக்க வேண்டாம். மே மாதம் கண்மாய் வற்றிக் கிடக்கும்போதே ஒரு தடவை நடந்துவிடுங்கள், மடையின் கல்லும் வாய்க்காலும் அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். வடகிழக்குப் பருவமழை முடிந்து ஜனவரியில் மறுபடி போங்கள். வரைபடத்தின் ஒரு பிரதியை அந்தப் பெரியவர் வீட்டிலேயே கொடுத்து வைத்துவிட்டு வாருங்கள்.