மாமா சாப்பிடும் சத்தத்தில் வரும் கோபம்

தங்கச்சி, உங்கள் குணத்தில் ஒரு பிழையும் இல்லை. பத்திரகாளி அம்மன் கோயில் ஒலிபெருக்கி பாடினாலும் தூங்கிவிடுவேன், ஆனால் மாமா முறுக்குக் கடித்தால் கை நடுங்கும் அளவுக்குக் கோபம் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வித்தியாசம்தான் முக்கியம். சாதாரணச் சத்தங்கள் எல்லாமே தாங்க முடியாத அளவு பெரிதாக, வலியாகக் கேட்டால் அது ஹைப்பரகூசிஸ். உங்களுடையது மிசோஃபோனியா போலத் தெரிகிறது. இதில் சத்தத்தின் அளவல்ல, எந்தச் சத்தம் என்பதுதான் விஷயம்: மெல்லுவது, உறிஞ்சுவது, மூக்கை இழுப்பது. 2017இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் வெளியிட்ட மூளை ஸ்கேன் ஆய்வில், இப்படியானவர்களுக்கு அந்தச் சத்தங்கள் கேட்டபோது முன் இன்சுலா என்ற பகுதி மற்றவர்களைவிடக் கூடுதலாக இயங்கியது, இதயத்துடிப்பும் ஏறியது. நடிப்பு என்று சொல்லும் உங்கள் கணவரிடம் இதைச் சொல்லுங்கள்.

நாள் முழுக்கக் காதில் பஞ்சு வைப்பதைத் தயவுசெய்து விடுங்கள். அமைதிக்கே பழகினால் மூளை சின்னச் சத்தத்தையும் கூட்டிக் கேட்கத் தொடங்கும். சாப்பாட்டு நேரத்தில் ஃபேனைக் கூட்டுங்கள், ரேடியோவை மெல்லப் போடுங்கள். உப்புவெளிப் பக்கம் வீடு என்றீர்களே, ஜன்னலைத் திறந்தாலே கடல் இரைச்சல் உதவும். மாமாவிடம் கணவர் கதைக்கட்டும், ஆனால் சாப்பாட்டு மேசையில் வேண்டாம்.

அப்புறம், காது மூக்கு தொண்டை வைத்தியரிடம் ஒருமுறை கேட்கும் திறனைச் சோதியுங்கள். மிசோஃபோனியாவுக்கென்று தனி மருந்து இல்லை. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, அதாவது எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை, பலருக்குக் கைகொடுத்திருக்கிறது. வைத்தியரிடம் மிசோஃபோனியா என்ற பெயரைச் சொல்வதைவிட, எந்தச் சத்தத்துக்கு உடம்பு என்ன செய்கிறது என்று எழுதிக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.